புலியை மட்டும் விட்டுவையுங்கள்

டோர்ட்முண்ட், மேற்கு ஜெர்மனி
அக்டோபர் 14, 1974

அன்புள்ள ஓக்நம் அக்காவுக்கு,

உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கிறதா? அத்தான் கடலுக்குப் போய்வருகிறாரா? மல்சுன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா?

நான் வந்து சேர்ந்துவிட்டேன். நலம். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருக்கிறது. இலை உதிர்கிறது. மரத்தைப் பற்றி வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

குழந்தை யாரிடம் இருக்கிறது என்று, தாதி வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இறந்துபோன கணவரின் அண்ணன் மனைவியிடம் என்று சொல்ல எனக்கு இந்த மொழி போதவில்லை. அக்காவிடம் என்றேன். பொய் இல்லை.

எட்டு மாதக் குழந்தையை விட்டுவிட்டு வந்தவள் எதையும் கேட்கக் கூடாது. இருந்தாலும் கேட்கிறேன்.

இன்ஹோவுக்குத் தோரி-தோரி என்று தலையை ஆட்டச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். பாதியில் நிற்கிறது. ஜேம்-ஜேம் என்று விரல்களை மூடித் திறப்பதும் அப்படித்தான். மூடுவான், திறக்க மறந்துவிடுவான். இரண்டையும் தொடருங்கள். பிறகு சப்பாணி கொட்டுவது. பிறகு நாய், மாடு, சேவல், தவளை, எது கண்ணில் படுகிறதோ அது. சத்தத்தோடு கையும் காலும் சேர்ந்து வர வேண்டும். வெறும் சத்தம் அவனுக்குப் பிடிக்காது.

புலியை மட்டும் விட்டுவையுங்கள். அதை நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

இன்ஹோ வயிற்றில் இருந்தபோது அவர் சாயங்காலங்களில் என் வயிற்றில் வாயை வைத்து ஒ-ஹுங் என்பார். மற்றவர்கள் போடுகிற உறுமல் இல்லை அது. தொண்டைக்கு அடியில் ஆரம்பிக்கும். மெல்ல மேலே வரும். முடிகிற இடத்தில் இரண்டு விரல்கள் என் கழுத்தில் கிச்சுக்கிச்சு மூட்டும். படகு திரும்பி வராத அந்த டிசம்பர் காலையிலும் ஒருமுறை செய்துவிட்டுத்தான் போனார். மகனிடம் அவர் பேசியது அது ஒன்றுதான். அது இப்போது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.

மூன்று வருட ஒப்பந்தம். மூன்று வருடம் ஒரு குழந்தையைப் புலி நெருங்காமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று நீங்கள் சிரிப்பீர்கள். முடியும் என்று எழுதுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஹோவின் அம்மா,
யோன்சில்


ஹுபோ, தென் கொரியா
நவம்பர் 20, 1974

இன்ஹோ அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். என் இடுப்பு மட்டும் சுகமில்லை. அது எப்போதும் அப்படித்தான், அதை விடு. அங்கே எலும்பு வரைக்கும் குளிர் ஏறும் என்கிறார்களே, உள்ளே கம்பளி போடுகிறாயா? வேளாவேளைக்குச் சாப்பிடு. ரொட்டியெல்லாம் சாப்பாடு ஆகாது.

கணவாய் மீன் காலம். விடிந்தால் படகுகள் வந்து கொட்டுகின்றன. பிளந்து, குடல் எடுத்து, கழுவி, மூங்கில் கழியில் கோத்து மாட்டுவதற்குள் மதியம் ஆகிவிடுகிறது. இந்த வருடம் கடற்கரை முழுக்க எங்கள் கழிகள்தான். காற்று நன்றாக அடிக்கிறது. கை முழுக்க மை. இந்தத் தாளிலும் பட்டிருக்கும், கோபித்துக்கொள்ளாதே.

இன்ஹோவை முதுகில் கட்டிக்கொண்டுதான் வேலை. தோரி-தோரி செய்யச் சொன்னால் என்னை உற்றுப் பார்க்கிறான். நான் தலையை ஆட்டி ஆட்டி என் கழுத்து பிடித்துக்கொண்டது. நேற்று மல்சுன் சொல்கிறாள்: "அம்மா, தம்பி கத்துக்கல. நீதான் நல்லா கத்துக்கிட்ட." எட்டு வயதுக் கழுதைக்கு வாயைப் பார்.

புலி விஷயம். ஏம்மா, உலகத்தில் வேறு மிருகமா இல்லை? இது புலி வருடம். பையன் புலி வருடத்தில் பிறந்தவன். போதாததற்கு அவன் பெயரில் 'ஹோ' என்று புலிக்கான எழுத்தையே வைத்தவள் நீ. இவன் தலை என் தோளுக்கு மேலே தெரிந்ததும் ஆள் ஆளுக்கு "அட, நம்ம புலிக்குட்டி!" என்று வாயைப் பிளக்கிறார்கள். சத்தம் வருவதற்குள் நான் உதட்டில் விரலை வைத்து "உஷ்!" என்கிறேன். ஒரு நாளில் கணவாய்க்குக் கத்தி எடுப்பதைவிட இதற்கு விரல் எடுப்பதுதான் அதிகம்.

மீனவர் சங்கம் கொடுத்த காலண்டரில் ஆள் உயரத்துக்குப் புலி. சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டிவிட்டேன். மல்சுன் அப்பா தேதி பார்க்க வந்தவர், "இதென்ன, காலண்டர் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு?" என்றார். சொன்னேன். தம்பியின் பேச்சு வந்தால் அவர் வலையைத் தைக்கப் போய்விடுவார்.

முடியும் என்று எழுதச் சொன்னாய். எழுதிவிட்டேன். முடியும்.

நன்றாகத் தூங்கு.

மல்சுன் அம்மா


டோர்ட்முண்ட்
ஜனவரி 11, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருடம் உங்கள் எல்லோருக்கும் நோய் இல்லாததாக இருக்கட்டும். இடுப்பில் ஒட்டுகிற பட்டைகள் தனியாக அனுப்பியிருக்கிறேன். நான் உள்ளே கம்பளி போடுகிறேன். சாப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கணவாய் எப்படிக் காய்கிறது என்று தெரிகிறது. காற்று எந்தப் பக்கம் என்று தெரிகிறது. இன்ஹோ எப்படிச் சிரிக்கிறான் என்று தெரியவில்லை. சத்தம் வருகிறதா, வாய் மட்டும் விரிகிறதா? விரலைத் திறக்கக் கற்றுக்கொண்டானா? நாய் குரைத்தால் எந்தப் பக்கம் திரும்புகிறான்?

குறை சொல்லவில்லை.

சொல்கிறேன். மன்னியுங்கள்.

எனக்குக் குழந்தைகள் வார்டு கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரமே சேவல் கூவக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இங்கே சேவல் கிகெரிகி என்கிறது. நாய் வவ்-வவ். மறந்துபோய் நான் கொக்கியோ என்றால் பிள்ளைகள் நோயாளிகளாக இருப்பதையே மறந்து சிரிக்கின்றன. இது சேவலா என்று கேட்கின்றன. இல்லை என்கிறேன். சம்பளத்துக்குக் கிகெரிகி.

நேற்று டிராமில் என் வலது கை தானாக ஜேம்-ஜேம் செய்துகொண்டிருந்தது. எதிரில் இருந்த கிழவர் தன் கையைக் குனிந்து பார்த்தார்.

ஊவே என்று ஒரு பையன் இருக்கிறான். இரண்டு வயது. இடுப்பு எலும்பு சேரவில்லை. கால்களை விரித்து மாவுக்கட்டு. மாதக்கணக்கில் படுக்கை. யாரோடும் பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. அவனைப் பற்றி உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் முதல் பிறந்தநாள். எல்லாவற்றையும் எழுதுங்கள். கணவாயைக் குறைத்து எழுதுங்கள்.

இன்ஹோவின் அம்மா,
யோன்சில்


ஹுபோ
மார்ச் 2, 1975

இன்ஹோ அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம். நீ அனுப்பிய பட்டையை ஒட்டினேன். இடுப்பு வலி போய்விட்டது, இப்போது தோல் எரிகிறது. நீ இளைத்துப்போயிருப்பாய் என்று மனதில் படுகிறது. இளைக்காதே.

கணவாயைக் குறைத்து எழுதச் சொன்னாய். கணவாய் காலமே முடிந்துவிட்டது, அதனால் நீ தப்பித்தாய்.

சிரித்தால் சத்தம் வருகிறது. கெக்கெக்கே என்று, மூச்சு முட்டும் வரை. விரலைத் திறக்கிறான். நம் ஊர் நாய்க்கு எந்தப் பக்கமும் திரும்புவதில்லை, அது சும்மாவே குரைக்கிற நாய் என்று அவனுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்த வீட்டு மாட்டைப் பார்த்து "உம்மே" என்றான். மாடு பதில் சொல்லிவிட்டது. பயந்துபோய் என் பாவாடைக்குள் ஒளிந்துகொண்டான். அதிலிருந்து நாய்க்கும் உம்மே, கோழிக்கும் உம்மே, மல்சுன் அப்பா தும்மினாலும் உம்மே. ஒவ்வொன்றாகத் திருத்திச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கற்றுக்கொடுக்கிறவளைப் பைத்தியமாக்குகிற பிள்ளை.

முயல் வருடம் பிறந்து காலண்டர் மாறியதும் எனக்குப் போன உயிர் வந்தது. முயலுக்குச் சத்தமே இல்லை. தலைமேல் இரண்டு விரலை வைத்துக் குதித்தால் முடிந்தது. அவன் குதிக்க முடியாமல் உட்கார்ந்த இடத்திலேயே எம்பி எம்பி விழுகிறான்.

பிறந்தநாள் நன்றாக நடந்தது. பட்டுச் சட்டை போட்டு, நூல்கண்டு, அரிசி, பணம் வைத்த தட்டுகளுக்கு முன்னால் உட்காரவைத்து, எதை எடுப்பான் என்று பார்த்தோம். நூல்கண்டைப் பிடித்தான். ஆயுசு கெட்டி. பிடித்ததை அப்படியே வாயில் போட்டான்.

வந்தவர்கள் எல்லோரும் புலி, புலி என்று ஆரம்பித்தார்கள். வாசலிலேயே நின்று ஒவ்வொருவரையும் "உஷ்" என்று அடக்கினேன். நண்டுக்கடைக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏ ஓக்நம், புலிக்குட்டியப் பாக்க வந்துட்டு புலின்னு சொல்லக்கூடாதுன்னா, நாங்க என்ன மியாவ்னா கத்தணும்?" என்றாள். "கத்து. உனக்கு அதுதான் பொருத்தம்" என்றேன். சோள உருண்டையைத் தொடாமல் போய்விட்டாள். இப்போது சந்தையில் என்னோடு பேசுவதில்லை.

சின்ன மாமனார் பஸ் பிடித்து வந்திருந்தார். மாமனார் போனபிறகு குடும்பத்துக்கு அவர்தானே மூத்தவர். இன்ஹோவை மடியில் வைத்துக்கொண்டு, "மூத்த வீட்டுக்கு ஏத்த பையன்" என்றார். அவர் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவது வழக்கம்தானே, ஆட்டினார்கள். அதைப் பார்த்து இவனும் ஆட்டினான். தோரி-தோரி! முதல் தடவையாக! ஆனால் மற்றவர்கள் ஆட்டியது மேலும் கீழும், இவன் ஆட்டியது பக்கவாட்டில்.

கடற்பாசி நன்றாக வளர்ந்திருக்கிறது. உனக்குக் கொஞ்சம் காயவைத்து அனுப்புகிறேன். போட்டோவும் இதனுடன் வைத்திருக்கிறேன்.

மல்சுன் அம்மா


டோர்ட்முண்ட்
மே 6, 1975

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலமாக இருப்பீர்கள். கடற்பாசி வந்தது. சூப் வைத்துக் குடித்தேன். வாசனை அறை முழுவதும் இரண்டு நாள் இருந்தது. ஜன்னலைத் திறக்கவில்லை.

போட்டோவில் இன்ஹோ வாயைத் திறந்திருக்கிறான். எந்தச் சத்தத்தின் நடுவில் எடுத்தது? யாரும் பின்னால் எழுதவில்லை. கண்ணாடி முன் நின்று வாயை அதே அளவு திறந்து பார்த்தேன். "உ" வருகிறது. "அ" வருகிறது. "அம்" கூட வருகிறது.

"மூத்த வீட்டுக்கு ஏத்த பையன்." இதை எழுதிவிட்டு நீங்கள் கடற்பாசிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நிற்கிறேன். அவர் என்ன அர்த்தத்தில் சொன்னார்?

இன்னொன்று. மாட்டுக்கு உம்மே, நாய்க்கு உம்மே எல்லாம் எழுதுகிறீர்கள். உங்களை அவன் என்ன சொல்லிக் கூப்பிடுகிறான்?

இங்கே வெயில் வந்துவிட்டது. வார்டில் ஊவே இப்போது நன்றாகச் சாப்பிடுகிறான். போர்வைக்கு அடியிலிருந்து ஒ-ஹுங் என்று எழும்பி, தட்டு கொண்டுவருகிறவர்களின் கழுத்தில் விரல் வைப்பான். தலைமைத் தாதிகூடப் பயந்தது போல நடிக்கிறாள். மற்ற கட்டில்கள் எல்லாம் கைதட்டும்.

பதில் எழுதுங்கள். கேட்டதற்குப் பதில்.

யோன்சில்


ஹுபோ
ஜூன் 3, 1975

இன்ஹோ அம்மாவுக்கு,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாகத்தான் இருப்பாய் போலிருக்கிறது.

அந்தப் பையனுக்குப் புலி யார் சொல்லிக்கொடுத்தது?

ஜெர்மனியில் புலி கிடையாது என்கிறாள் மல்சுன். இருந்தாலும் அது நம் ஊர்ப் புலி மாதிரி ஒ-ஹுங் என்றா கத்தும்? சேவலே அங்கே வேறு மாதிரி என்று எழுதியவள் நீதானே. கழுத்தில் விரல் வைப்பானாம். அதையும் எழுதுகிறாய். எழுதும்போது பேனா நிற்கவில்லையா, அல்லது எழுதியது உனக்கே தெரியவில்லையா?

இங்கே நான் காலண்டரைத் திருப்பி மாட்டினேன். நண்டுக்கடைக்காரியோடு பேச்சு இல்லை. முடிவெட்டுகிற சோக் என்னைக் கண்டால், "ஐயோ, உஷ் அம்மா வர்றாங்க, எல்லாரும் வாயப் பொத்துங்க" என்கிறான். கடையில் இருக்கிறவர்கள் எல்லாம் பொத்துகிறார்கள், சிரிப்பை. மல்சுன் பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்த கதையில் புலி வந்ததும் அவள் வாயில் அடித்தேன். பெற்ற பிள்ளையை அடித்தேன். அவள் கேட்டாள்: "புலி என்னம்மா தப்பு பண்ணுச்சு?"

உன் ஒரே ஒரு சொல்லுக்காக இத்தனையும். நீ அதை அங்கே சோற்றுத் தட்டுக்குக் கொடுத்துவிட்டாய்.

என்ன சொல்லிக் கூப்பிடுகிறான் என்று கேட்டாய். நிறையச் சத்தம் போடுகிறான். எல்லாவற்றையும் எழுத நேரமில்லை.

மல்சுன் அம்மா


ஹுபோ
ஜூலை 28, 1975

இன்ஹோ அம்மாவுக்கு,

உடம்புக்கு ஏதாவதா? அப்படியென்றால் யாரையாவது விட்டு ஒரு வரி எழுதச் சொல். கோபம் என்றால் அதையும் எழுது. தபால்காரர் என்னைக் கண்டதும் சைக்கிளை நிறுத்தாமலே, "ஜெர்மனி இன்னைக்கும் லீவு அண்ணி!" என்று கத்திக்கொண்டு போகிறார்.

போன கடிதத்தில் கடுமையாக எழுதினேன். எழுதியதில் ஒன்றையும் திரும்பப் பெறவில்லை. ஆனாலும் நீ சாப்பிட்டாயா என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

இதை இன்னும் தள்ளிப்போட முடியாது. மூத்த வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. மல்சுனுக்குக் "கடைசிப் பெண்" என்று அர்த்தம் வரும்படி பெயர் வைத்தும் அவளுக்குப் பின்னால் தம்பி வரவில்லை. தம்பி மகனை அண்ணன் மகனாகக் குடும்பப் பதிவில் எழுதிக்கொண்டால் முன்னோருக்குப் படையல் வைக்க ஆள் ஆயிற்று என்கிறார் சின்ன மாமனார். சூசோக் பண்டிகைக்கு எல்லோரும் கூடும்போது முடித்துவிடலாமாம். எழுதிவிட்டால் அவனுக்கு நான் அம்மா, நீ சித்தி. உன் சம்மதத்தைக் கேட்டு எழுதும்படி மல்சுன் அப்பா பிறந்தநாள் முடிந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நான்தான் எழுதவில்லை.

என் விருப்பம் என்ன என்று கேட்காதே.

இன்ஹோ நடக்கிறான். வாத்து மாதிரி, பின்னால் கையைக் கட்டிக்கொண்டு. அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மல்சுன் அப்பாவைப் பார்த்து வந்தது.

பண்டிகைக்கு முன்னால் எழுது.

மல்சுன் அம்மா


டோர்ட்முண்ட்
செப்டம்பர் 2, 1975

அக்கா,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நலமா?

ஊவே வாயைத் திறக்க மறுத்தான். மூக்கு வழியாகக் குழாய் விடப்போவதாகப் பேசிக்கொண்டார்கள். கரண்டியோடு குனிந்தேன். ஒ-ஹுங். வந்துவிட்டது. நான் தீர்மானிக்கவில்லை. அவன் வாயைத் திறந்தான். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த நாளும் கேட்டான். அதற்கடுத்த நாளும்.

உங்கள் கடிதம் வந்தபிறகு அறையில் தனியாகச் செய்து பார்த்தேன். தொண்டைக்கு அடியில் ஆரம்பித்தது. மேலே வந்தது. ஆனால் அது அவருடையதா, வார்டில் நான் தினமும் போட்டதா, பிரிக்க முடியவில்லை. பலமுறை முயன்றேன். அடுத்த அறைப் பெண் கதவைத் தட்டி உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். பதில் எழுதாததற்குக் காரணம் இதுதான். வேறு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

ஊவே வீட்டுக்குப் போய்விட்டான். வாசலில் அவன் அம்மாவின் கழுத்தில் விரலை வைத்து ஒ-ஹுங் என்றான். அவள் என்னிடம் திரும்பி, இது என்ன என்று கேட்டாள். தன் பிள்ளையின் சத்தத்தை இன்னொருத்தியிடம் அர்த்தம் கேட்கிற முகம். அந்த முகம் எனக்கும் வரும். இன்னும் இரண்டு வருடத்தில், உங்கள் வாசலில்.

ஒப்பந்தத்தை நீட்டிக்கிறாயா என்று தலைமைத் தாதி கேட்டாள். சரி என்று தலையாட்டினேன். கையெழுத்து இன்னும் போடவில்லை.

புலியை நீங்களே சொல்லிக்கொடுங்கள். பதிவில் எப்படி வேண்டுமோ எழுதிக்கொள்ளட்டும். சம்மதம்.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

யோன்சில்


ஹுபோ
செப்டம்பர் 29, 1975

இன்ஹோ அம்மாவுக்கு,

இப்படித்தான் எழுதுவேன். நீ உன் பெயரை மட்டும் போட்டு முடித்தால் நானும் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

இன்ஹோவுக்குச் சளி. மற்றபடி சுகம். மல்சுன் அப்பாவுக்கும் உடம்பு சுகம், ஆனால் பண்டிகையிலிருந்து என்னோடு பேசுவதில்லை. எதிரில் உட்கார்ந்துகொண்டு, "மல்சுன், சோறு ஆறுதுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு" என்கிறார். அவளும் என் பக்கம் திரும்பி, "சோறு ஆறுதாம்" என்கிறாள். ஏன் என்று சொல்கிறேன்.

உன் கடிதம் பண்டிகைக்கு முன்னால் வந்துவிட்டது. அதில் இருந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தபடி வைத்துக்கொண்டு கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்தேன். பிசையும்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன். இனி இவன் எனக்குத்தான் என்று ஒவ்வொரு கொழுக்கட்டையையும் மூடினேன்.

படையல் முடிந்து ஆண்கள் எல்லோரும் பெரிய அறையில் உட்கார்ந்தார்கள். சின்ன மாமனார் இன்ஹோவை மடியில் இழுத்து உட்காரவைத்தார். "மூத்த வீட்டு வாரிசு புத்திசாலியான்னு பாப்போம். மாடு எப்படிடா கத்தும்?" என்றார். "உம்மே." எல்லோரும் சிரித்தார்கள். "நாய்?" "மொங் மொங்." "சேவல்?" கையைச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டு கொக்கியோ. சரியாகச் சொன்னான். கொழுக்கட்டைத் தட்டோடு கதவருகில் நின்ற எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அப்ப புலி? புலி வருசத்துல பொறந்தவனே, புலி எப்படிக் கத்தும்?"

இன்ஹோ சுற்றிலும் எல்லோரையும் பார்த்தான். பிறகு விரலை எடுத்து உதட்டில் வைத்தான். கண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு, "உஷ்" என்றான்.

புரிகிறதா உனக்கு? புலி என்றால் இவனுக்கு அதுதான். புலி என்று சொல் வந்த இடத்தில் எல்லாம் இவன் பார்த்தது என் விரல், கேட்டது என் உஷ். ஒரு வருடமாக இவனுக்குப் புலி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவளே நான்தான். நாம் இரண்டு பேரும் அதைத் தவிர மற்றதை எல்லாம் யோசித்தோம்.

யாரோ சிரிக்க வாயெடுத்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி மறுபடியும் "உஷ்." மல்சுன் அப்பா செருமினார். அவருக்கும் "உஷ்." சின்ன மாமனார் உதட்டிலேயே விரலைக் கொண்டுபோய் வைத்துவிட்டான். அத்தனை ஆண்களும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த அறை அப்படி அமைதியாக இருந்து பார்த்ததில்லை.

அந்த அமைதியில் என் குரல் எனக்கே கேட்டது.

"இவன் அம்மா வருவா. அதுவரைக்கும் பதிவுல யாரும் கை வைக்க வேண்டாம்."

சின்ன மாமனார், "உன்னை யாரும்மா கேட்டா?" என்றார்.

"யாரும் கேக்கல. அதான் நானே சொல்றேன்."

"அவ எழுதியிருக்காளா?"

"எழுதியிருக்கா" என்றேன். அது பொய் இல்லை. நீ எழுதித்தானே இருந்தாய்.

சின்ன மாமனார், "சரி, வந்தப்புறம் பாப்போம்" என்று கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டார். மல்சுன் அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுதமாட்டேன். அவருக்கு ஒரு மகன் வேண்டும். தம்பியைத்தான் கடல் திருப்பித் தரவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. உனக்காக என்று நினைக்காதே. உன் மேல் இன்னும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது. ஒரு வருடம் ஊரோடு சண்டை போட்டு அவனுக்குள் ஓர் இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். அந்த விரலைப் பார்த்ததும், காலியாக வைத்தது நான்தான் என்று பட்டது. அதில் நானே போய் உட்கார்ந்துகொள்ளக் கூசியது. அவ்வளவுதான் சொல்லத் தெரிகிறது.

அவன் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். உன் கேள்விக்குப் பதில். பனி உருகுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டான். நான் "பெரியம்மா, பெரியம்மா" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துகிறேன். அதையும் ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான்.

பண்டிகைக் கூட்டம் போனபிறகு இவனைக் கடற்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். நீயே அனுமதி கொடுத்துவிட்டாய், யாரும் பார்க்கவும் இல்லை. கழிகளுக்கு நடுவில் உட்காரவைத்து, தொண்டைக்கு அடியில் ஆரம்பிக்க வேண்டும் என்று நீ எழுதியதை நினைத்து, வாயைத் திறந்தேன். சத்தம் வருவதற்குள் இரண்டு கையாலும் என் வாயைப் பொத்திவிட்டான். கோபமாக. நான் மற்றவர்களிடம் காட்டுகிற அதே கோபம். சின்ன மாமனாருக்குக் கிடைத்த ஒரு விரல்கூட எனக்குக் கிடைக்கவில்லை.

ஆக, உன் புலி எனக்கும் வேண்டாம், என்னால் ஆகவும் ஆகாது. நீட்டிப்புக்குச் சரி என்று தலையாட்டினாயாமே. திரும்பப் போய் தோரி-தோரி ஆட்டிவிட்டு வா. உனக்குத் தெரிந்த சத்தம் அவருடையதா, உன்னுடையதா, அந்த ஜெர்மன் பையனுடையதா என்று அங்கே அறையில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்காதே. இவன் முன்னால் வந்து வாயைத் திற.

உன் வாயையும் பொத்துவான். நன்றாக அழுத்திப் பொத்துவான், கையெல்லாம் கணவாய் நாற்றம் அடிக்கும். பொத்தட்டும். அதை வாங்கிக்கொள்ள நீதான் வர வேண்டும்.

குளிர் தொடங்கிவிட்டிருக்கும். கம்பளியை உள்ளே போடு.

இன்ஹோவின் பெரியம்மா,
ஓக்நம்